எஸ்றா கேட்கவில்லை, நெகேமியா மறுக்கவில்லை

வேதபகுதி: எஸ்றா 8:21-34; நெகேமியா 2:7-9



அர்தசஷ்டா ராஜாவின் ஏழாம் வருஷத்தில் எஸ்றா எருசலேமுக்குப் புறப்பட்டார். கையிலே 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன். வழியெல்லாம் சத்துரு பயம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ராஜா குதிரைவீரரை அனுப்பியிருப்பான். ஆனால் தேவன் எங்களைக் காப்பார் என்று அவனிடத்தில் சாட்சி சொல்லியாயிற்று; அப்புறம் எந்த முகத்தோடே காவல் கேட்கிறது? உபவாசித்து ஜெபித்துப் புறப்பட்டார், பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தார். அல்லேலூயா!

பதின்மூன்று வருஷம் கழித்து நெகேமியா போகிறார். அதே ராஜா, போகும் ஊரும் அதே எருசலேம்தான். ராஜா சேனாபதிகளையும் குதிரைவீரரையும் கூடவே அனுப்பினான். நெகேமியா வேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு? ஒருவருக்கும் இல்லை. இருவர் கூடவும் கர்த்தருடைய கரம் இருந்தது.

பழைய கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலம் பக்கம் போனால் உச்சப்பட்டி முகாம் இருக்கிறது. ஆனையூரிலும் திருவாதவூரிலும் இருக்கிறது. 2021-ல் அரசு அவைகளுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியது. அங்கே இருக்கிற பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். பட்டாளத்தோடு வந்த உதவியைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்களில் உண்டு.

1987 ஜூன் 3-ல் ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 20 படகுகள் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிற்று. மறுநாளே ஐந்து இந்திய விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, ஏறத்தாழ 25 டன் பொருளை யாழ்ப்பாணத்தின்மேல் பாராசூட்டில் இறக்கின. ஜூலை 29-ல் ஒப்பந்தம் ஆனது. அமைதிப்படை போய் இறங்கியபோது ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளே துப்பாக்கி வெடித்தது. டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் நம் சிப்பாய்களில் ஏறத்தாழ 1200 பேர் உயிர்விட்டார்கள். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். இரண்டு பக்கத்திலும் தாய்மார் அழுதார்கள்.

தேவபிள்ளைகளே, இதிலே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று.

1. வழிக்குக் காவல் வேண்டியிருக்கலாம். பவுல் தன் ஜனத்தாருக்குத் தர்மப்பணம் கொண்டுவந்தவர் (அப்போஸ்தலர் 24:17). நாற்பது பேருக்கு மேல் அவரைக் கொல்லச் சபதம் பண்ணினபோது, 470 ரோமச் சேவகர் அவரைக் காத்துக் கொண்டுபோனார்கள். அதை அவர் தள்ளவில்லை. 1992-ல் சோமாலியாவிலே பட்டினிக்காரருக்குப் போன அரிசியை ஆயுதக் கூட்டங்கள் கொள்ளையடித்ததால்தான் சேனைகள் காவலுக்குப் போயின. மறுவருஷம் ஜூன் 5-ல் 24 பாகிஸ்தான் அமைதிப்படையினர் ஒரே நாளில் மாண்டார்கள். காவல் நிற்கிறவனுக்காகவும் ஜெபியுங்கள்.

2. கொடுக்கிற கையும் பட்டயம் பிடித்த கையும் ஒன்றாகக்கூடாது. துப்பாக்கியோடு வருகிற சோற்றை ஒரு பக்கத்தார் வாங்குவார்கள், மறுபக்கத்தார் சத்துருவின் சோறு என்பார்கள். அப்புறம் மருந்துப்பெட்டி தூக்குகிறவனும் குறியாகிவிடுவான். செஞ்சிலுவைச் சங்கத்தார் பெரும்பாலும் ஆயுதக் காவல் இல்லாமல், இரு தரப்பாரிடமும் சொல்லிவிட்டே போவது இதற்காகத்தான். 2009-ல் வன்னிக் கடற்கரையிலிருந்து காயப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை அவர்கள் கப்பலிலே ஏற்றினது அப்படித்தான். எலிசா, பிடிபட்ட சீரிய சேனைக்கே விருந்து வைக்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 6). பசிக்குக் கட்சி ஏது?

3. கணக்கு சுத்தமாயிருக்கட்டும். எஸ்றா காவல் கேட்கவில்லை. ஆனால் வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார், எருசலேமில் மறுபடியும் நிறுத்து வாங்கினார்கள். விசுவாசம் இருக்கிறதே என்று தராசைத் தள்ளிவிடவில்லை.

இப்போது நம் காரியத்துக்கு வருவோம். நம்மிடத்தில் துப்பாக்கி இல்லை, மெய்தான். ஆனால் முகாமுக்கு அரிசி கொண்டுபோகிறபோது, "ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பையைக் கொடுத்தால், அதுவும் ஒரு பட்டயம்தானே ஐயா? பசித்தவனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நீ எந்த இயக்கம் என்று கேட்பதும், பை வாங்குகிற தாயைப் போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டுவதும் அப்படியே. கொடுங்கள், கும்பிடு எதிர்பாராமல் வந்துவிடுங்கள். சுவிசேஷம் கேட்க விரும்புகிறவன் தானாய்க் கேட்பான். அப்போது மனதாரச் சொல்லுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, யுத்த பூமியில் அப்பம் சுமக்கிறவர்களைக் காத்தருளும். அவர்கள் கூடக் காவல் நிற்கிறவர்களின் கையைக் குற்றமற்ற இரத்தத்துக்கு விலக்கும். எங்கள் கை வெறுங்கையாய், தயவுள்ள கையாய் நீளட்டும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.