இந்த உயிரும் அடுத்த படுக்கையும்

இரத்தத்தில் கிருமி கலந்து, இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நிலையில் கிடக்கிறார் ஒரு நோயாளி. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகம் சொல்ல இரண்டு மூன்று நாளாகும். தீவிர சிகிச்சைப் பிரிவின் அலமாரியில் மெரோபெனெம் இருக்கிறது. வலுவான மருந்து, இப்போதே ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அதை ஏற்றும் ஒவ்வொரு முறையும், அதற்கு அடங்காத கிருமிகள் அந்த வார்டில் பெருகக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அடுத்த மாதம் பக்கத்துப் படுக்கைக்கு வருபவரின் உடலில் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். முகம் தெரியாத அந்த ஒருவருக்காக, கண்முன் கிடக்கும் இவருக்குச் சற்று வலுக்குறைந்த மருந்தைக் கொடுப்பது நியாயமா?

பெரும்பாலான மருந்துகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஒருவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின், இன்னொருவரின் இன்சுலினை வலுவிழக்கச் செய்வதில்லை. ஆன்டிபயாட்டிக் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள்தான் ஒருவருக்குக் கொடுக்கப்படும்போதே மற்றவர்களுக்குக் குறைகின்றன. அந்த மற்றவர்கள் வெறும் கற்பனையும் அல்ல. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் இதழ் 2022 இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) அண்மை ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பெரிய மருத்துவமனைகளில் பிடிபடும் க்ளெப்சியெல்லா கிருமிகளில் பாதிக்கும் மேற்பட்டவை மெரோபெனெம் வகை மருந்துகளுக்கே அடங்குவதில்லை.

ஆகவே சிக்கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றும். அந்தச் சிக்கனத்தை ஒருமுறை உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2014 முதல் 2017 வரை, ஒன்பது நாடுகளின் 26 மருத்துவமனைகளில் நடந்த மெரினோ ஆய்வு அது. செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்காத ஈ. கோலி அல்லது க்ளெப்சியெல்லா இரத்தத்தில் இருந்தவர்களில் ஒரு பாதிக்கு மெரோபெனெம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அதற்கு ஒரு படி கீழே உள்ள பிப்பராசிலின்–டாசோபாக்டம். கீழ்ப்படி மருந்தே போதும் என்று தெரிந்துவிட்டால், மேல்படி மருந்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம். கீழ்ப்படி மருந்துக்கே கிருமி அடங்கும் என்று ஆய்வகமும் சொல்லியிருந்தது. முப்பது நாளுக்குள் மெரோபெனெம் பெற்ற 191 பேரில் 7 பேர் இறந்தார்கள். மற்ற 187 பேரில் 23 பேர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு அதே கிருமிகளை இன்னும் நுட்பமாகச் சோதித்தபோது, சில கிருமிகளை ஆய்வகம் தவறாகக் கணித்திருந்ததும் தெரிந்தது. அவற்றை விலக்கிப் பார்த்தபோது இடைவெளி சுருங்கியது. ஆனாலும் கீழ்ப்படி மருந்தை நம்பிக் கொடுக்கும் தைரியத்தைப் பெரும்பாலோருக்கு அது திருப்பித் தரவில்லை.

இந்த ஆய்வை வைத்துப் பார்த்தால் முதல் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. நாளைய நோயாளிக்கு நாம் பட்டிருக்கும் கடனை இன்றைய நோயாளியின் உடலிலிருந்து வசூலிக்கக் கூடாது. தொற்றால் இரத்த அழுத்தம் சரியும் செப்சிஸ் அதிர்ச்சியில் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் சரியான மருந்து போக வேண்டும் என்கின்றன சர்வதேச நெறிமுறைகள். அந்த ஒரு மணி நேரத்தில் மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பது டாக்டரின் வேலையே இல்லை.

அப்படியானால் கடன் தள்ளுபடியாகிவிட்டதா? இல்லை. அது வேறு நேரங்களில், வேறு ஆட்களிடம் நிலுவையில் நிற்கிறது.

முதல் நேரம், மருந்து ஏறுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுப்பது சின்ன வேலைபோலத் தெரியும். தோலில் குளோர்ஹெக்சிடின் தடவி உலரவிட வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி இரத்தம், இரண்டு இடங்களிலிருந்து தனித்தனியே. இரவு இரண்டு மணிக்கு, பல படுக்கைகளுக்கு ஒருவராக நிற்கும் நர்சிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கிறோம். நடப்பது என்ன? ஒரே பாட்டில், அதில் மூன்று மில்லி. சில வேளை அதுவும் மருந்து ஏறிய பிறகு. இரண்டு மூன்று சிறிய மருத்துவமனைகளில் ஏதேதோ ஊசி போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்பவரின் இரத்தத்தில் பல வேளை கிருமி வளரவே வளராது. ‘நோ க்ரோத்’ என்று வரும். என்ன கிருமி என்று தெரியாததால் வலுவான மருந்தைக் கடைசிவரை நிறுத்த முடியாது. முதல் டோஸில் நடந்த தவறு அல்ல இது. அதற்கு முன் எடுக்கப்படாத இரத்தத்தில் நடந்த தவறு.

இரண்டாவது நேரம், மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ். ரிப்போர்ட் வந்துவிட்டது, சாதாரண மருந்துக்கே அடங்கும் கிருமிதான். காய்ச்சலும் இறங்கியிருக்கிறது. “நல்லாதானே இருக்கார், இப்ப எதுக்கு மாத்தணும்?” என்று ஒரு குரல் எழும். பெரும்பாலும் அந்தக் குரல்தான் வெல்லும். இதில் பேராசையோ அலட்சியமோ இருப்பதில்லை, பயம்தான் இருக்கிறது. மருந்தைக் குறைத்த மறுநாள் ஏதாவது ஆகிவிட்டால் குறைத்தவர் மாட்டிக்கொள்வார். பதினான்கு நாள் ஓட்டியதற்காக எவரையும் யாரும் கேட்டதில்லை. ஆனால் நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரையாவது இந்தப் பயத்துக்கான ஆதாரம் இப்போது வலுவிழந்துவிட்டது. 2024 இல் வெளியான பேலன்ஸ் ஆய்வில், ஏழு நாடுகளின் 74 மருத்துவமனைகளில் இரத்தத் தொற்றுடன் இருந்த 3,608 பேரில் ஒரு பகுதியினருக்கு ஏழு நாளும் மற்றவர்களுக்குப் பதினான்கு நாளும் மருந்து கொடுத்தார்கள். தொண்ணூறு நாளில் இறந்தவர்கள் முறையே 14.5 சதவீதமும் 16.1 சதவீதமும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றுக்காரர்களையும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆய்வில் இருந்தவர்களுக்கு, கூடுதலாகப் போன ஏழு நாள் மருந்தால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் சிக்கனம் நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காது. மெரினோவில் விட்டுக்கொடுத்தவர் நோயாளி. மூன்றாம் நாளில் டாக்டர் விட்டுக்கொடுப்பது தன் மன நிம்மதியை மட்டும்தான். இரண்டையும் ஒரே ‘சிக்கனம்’ என்ற பெயரில் பேசுவதால்தான் விவாதம் குழம்புகிறது. போதாக்குறைக்கு, நாளைய நோயாளி எப்போதும் வேறொருவராகவே இருப்பதும் இல்லை. நீண்ட நாள் மருந்தால் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து, அடங்காத கிருமிகள் குடியேறும். இருபதாம் நாள் இரண்டாவது தொற்று வரும்போது அதற்குப் பலியாகிறவர் அதே படுக்கையில் இருக்கும் அதே ஆள்.

மூன்றாவது நேரம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. கிருமி இரத்தத்துக்குள் எப்படிப் போனது? தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வேளை நாமே வழி திறந்துவிடுகிறோம்: கழுத்துச் சிரையில் போட்ட சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாக. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஐந்தே விதிகளை நடைமுறைப்படுத்தியது. கை கழுவுவது, உடல் முழுதும் மறைக்கும் விரிப்புடன் லைன் போடுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்வது, தொடைச் சிரையைத் தவிர்ப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுப்பது. டாக்டர் ஒரு படியை விட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்சுக்குக் கொடுத்தார்கள். 2006 இல் வெளியான அந்த ஆய்வின்படி, நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் லைன் தொற்றின் இடைநிலை அளவு 1,000 லைன்-நாட்களுக்கு 2.7 இலிருந்து மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. தடுத்துவிட்ட தொற்றுக்கு மெரோபெனெமும் வேண்டாம், மேலே கேட்ட கேள்வியும் வேண்டாம்.

கடனைக் கட்ட வேண்டியவர் இங்கேதான் இருக்கிறார்: நர்சுகளின் எண்ணிக்கையையும் ஆய்வகத்தின் நேரத்தையும் தீர்மானிக்கும் நிர்வாகம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டுமானால் எத்தனை தொற்று என்பது வெளியே தெரிய வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்ற தயக்கம் நம்மிடம் பழையது. 2010 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து, மெரோபெனெம் வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 நொதி கொண்ட கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் பரவியிருப்பதை எழுதியபோது, நாட்டின் மானத்தையும் மருத்துவச் சுற்றுலாவையும் பற்றிய கூச்சலே பெரிதாகக் கேட்டது. மாறாக, இங்கிலாந்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்துக்கு அடங்காத கிருமியின் இரத்தத் தொற்று எண்ணிக்கையை 2001 முதல் மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதைப் பாதியாகக் குறைக்க 2004 இல் வைத்த இலக்கும் எட்டப்பட்டது.

எண்ணிக்கையைக் கேட்டால் மருத்துவமனைகள் கல்ச்சரே எடுக்காமல் விட்டுவிடும் என்பது நியாயமான ஆட்சேபம். அதனால் எத்தனை கல்ச்சர் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே வெளியிட வைக்க வேண்டும்.

கடைசியில் பணம். மாரடைப்புக்குச் சேர்ந்தவருக்கு ஐந்தாம் நாள் லைன் வழியாகத் தொற்று வருகிறது. அதற்கான மெரோபெனெம், பலிக்காவிட்டால் கோலிஸ்டின், கூடுதல் ஐ.சி.யு. நாட்கள், எல்லாம் குடும்பத்தின் பில்லில் ஏறுகின்றன. மருத்துவமனை உண்டாக்கிய நோய்க்கு, நகையை அடகு வைத்து நோயாளியின் வீடு பணம் கட்டுகிறது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 2008 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட லைன் தொற்றுக்குக் கூடுதல் பணம் தருவதில்லை. நம் அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் தனியார் பில்களும் அந்த வழிக்கு வர வேண்டும். எல்லாத் தொற்றையும் தடுத்துவிட முடியாதுதான். எதைத் தடுத்திருக்கலாம் என்று பார்க்க லைன் போட்ட தேதி, எடுத்த தேதி, கல்ச்சர் எடுத்த நேரம், முதல் டோஸ் ஏறிய நேரம் போதும். நான்கும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டியவை. நோயாளியின் தரப்பு கேட்டால் அந்த ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகள் 2002 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன.