வாடை என்னும் வழிக்குறி

அரக்கோணத்தினின்று ஆம்பூருக்குக் காரில் செல்கையில் நாம் மைல் கற்களை எண்ணுவதில்லை. இராணிப்பேட்டையை அடுத்துப் பாலாற்றுப் பாலம், அக்கரையில் ஆற்காட்டின் டில்லி வாசல், வேலூர்க் கோட்டை, பிறகு பள்ளிகொண்டா. உறங்கும் பிள்ளைகளை எழுப்பவும் வேண்டியதில்லை. பதனிடும் தோலின் வாடையே எழுப்பிவிடும். ஊர் வந்துவிட்டதென்று உள்ளம் குளிரும். (புதியவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள், அது வேறு விஷயம்.)

அந்த வாடையை அன்போடு நினைக்க நமக்கு உரிமை உண்டா? பாலாற்றங்கரை உழவனுக்கும் அது அடையாளமே. அவன் கிணறு கெட்டுப்போனதன் அடையாளம். 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதென்ற ஆய்வை எடுத்துக்காட்டிற்று. மாசு செய்தவரே ஈடு தர வேண்டுமென்றும் விதித்தது.

இத்தொழில் நம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பள்ளிக்கூடங்களை வளர்த்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் நினைவின் இனிமை கடனைத் தீர்த்துவிடுமா? வழியில் கிடக்கும் தீங்கை அகற்றுவதையும் ஈமானின் கிளையாகக் கொண்டவர்கள் நாம். ஆறும் ஒரு வழிதான், நீர் போகும் வழி. பாலத்தைக் கடக்கையில் டில்லி வாசலைச் சுட்டிக்காட்டும் நாம், கீழே கிடக்கும் ஆற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.