ரகசியமாக வைக்கப்பட்டவள்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2007 செப்டம்பரில் தொடங்கிய ‘டர்ட்டி செக்ஸி மணி’ இரண்டே சீசன்களில் நின்றுபோனது. எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் முதல் சீசனை 10 எபிசோடுகளில் முடக்கியது. 2009இல் தொடர் முடிந்தபோது மொத்தம் 23தான். நியூயார்க்கின் பெரும் பணக்கார டார்லிங் குடும்பத்தின் கதை அது. அந்தக் குடும்பம் செய்வதையெல்லாம் பூசி மெழுகுவதற்கென்றே சம்பளம் வாங்கும் வழக்கறிஞன் நிக் ஜார்ஜ். அவன் அப்பா டட்ச் பார்த்ததும் அதே வேலைதான்.

இந்த மாதிரித் தொடர்களில் ரகசியம் என்றால் ஒரு தகவல் என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறோம்: ஒரு கொலை, ஓர் உயில், ஒரு வங்கிக் கணக்கு. உண்மை எப்போது வெளியே வரும் என்று காத்திருக்கிறோம். ஆனால் டார்லிங் வீட்டு ரகசியங்களில் பல, உயிருள்ள ஆட்கள். பாதிரியாரான மகன் பிரையன், திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் பிள்ளையை ஸ்வீடன் நாட்டு அனாதை என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டி வருகிறான். நகைச்சுவைக்காக வைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூத்தவன் பேட்ரிக் அரசியல்வாதி, செனட் பதவிக்குக் குறிவைத்திருப்பவன், மனைவி உள்ளவன். அவன் காதலிக்கும் கார்மெலிட்டா ஒரு திருநங்கை. அந்தப் பாத்திரத்தில் நடித்த கேண்டிஸ் கேய்னும் திருநங்கைதான். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது புதிது.

பேட்ரிக்கின் இரட்டை வேடத்தை அம்பலப்படுத்துவதுதானே நியாயம்? வாக்கு கேட்பவனைப் பற்றித் தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை இல்லையா? இங்கேதான் சிக்கல். உண்மை வெளியே வந்தால் அவனுக்குப் போவது ஒரு பதவி. அவளுடைய உடலையும் பழைய பெயரையும் பத்திரிகைகள் தோண்டியெடுக்கும். சிசேலா போக் என்ற தத்துவவாதி, அந்தரங்கமும் ரகசியமும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டியவர். அந்தப் பிரிவு இங்கே உதவுகிறது. தன் கடந்த காலத்தை யாரிடம் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பது கார்மெலிட்டாவின் அந்தரங்கம். பேட்ரிக்கின் வாழ்க்கையில் அவள் இருப்பதே தெரியக்கூடாது என்பது அவன் தேவைக்காக அவள்மேல் போர்த்தப்பட்ட ரகசியம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான்.

அவளும் சம்மதித்துத்தானே இருக்கிறாள் என்று கேட்கலாம். சம்மதம் உண்டு, காதலும் உண்டு. ஆனால் எப்போது வருவது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதையெல்லாம் அவனுடைய பதவியும் குடும்பமும் தீர்மானிக்கின்றன. ஒரே வாக்கியத்தில் அவன் இந்த ஒளிவை முடித்துக்கொள்ளலாம். அவள் வாய் திறந்தால் மிரட்டுகிறாள், பணம் பறிக்கப் பார்க்கிறாள் என்றாகிவிடும். தமிழில் ‘சின்ன வீடு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதில் பெண்ணே இல்லை, கட்டடம்தான் இருக்கிறது.

குடும்பத் தலைவி லெட்டீஷியாவுக்கும் ரகசியம் உண்டு. டட்ச்சுடன் அவளுக்கு இருந்த உறவு 40 ஆண்டுகள் நீண்டது. விமான விபத்தில் அவர் செத்துப்போகும்போது அவள் ஊரறிய விதவையாக அழ முடியாது. அது சின்ன இழப்பல்ல. ஆனாலும் அவளுடைய பெயர், வீடு, மேசையில் அவளுக்கான நாற்காலி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. மறைத்தவள் அவள், மறைக்கப்பட்டவள் கார்மெலிட்டா. இருவரையும் ‘ரகசியக் காதல்’ என்று ஒரே தலைப்பில் அடைப்பது வசதியான சோம்பேறித்தனம்.

தொடரும் இதில் சுத்தமில்லை. பேட்ரிக்கின் கதைக்குத் தேவைப்படும்போதுதான் கார்மெலிட்டா பெரும்பாலும் திரைக்கு வருகிறாள்.

நிக் நல்லவன், மனசாட்சி உள்ளவன் என்று தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவன் மனசாட்சி உறுத்துவதெல்லாம் டார்லிங் பணத்தைத் தொடலாமா என்பதில்தான். சொல்வதா மறைப்பதா என்று அவன் முடிவெடுக்கும் முன் ஒருமுறை கார்மெலிட்டாவிடம் போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். அவன் கட்சிக்காரர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.