நடுவரற்ற ஆடுகளம்

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியபோது, ஆட்டக்காரரின் தவறுகளைக் கணிக்கும் பொறுப்பினை அவர்தம் 13 விதிகள் நடுவர் ஒருவரிடம் ஒப்படைத்தன. நியூயோர்க் நகரின் பொதுத் திடல்களில், வந்தவர்கள் அணிபிரிந்து ஆடும் ஆட்டத்திலோ அத்தகைய நடுவர் இல்லை. தவறுக்குள்ளானவரே அதனை அறிவிப்பது வழக்கம். வென்ற அணி களத்தில் நிலைக்க, தோற்ற அணி வெளியேறிக் காத்திருக்கும். வழக்காளியும் நீதிபதியும் ஒருவரேயாகும் இந்நிலையில் பொய்யுரைக்கும் தூண்டுதல் மிகுதி.

பொய்யான முறைப்பாட்டால் ஆட்டக்காரர் பெறுவது பந்து. இழப்பது தம்மைப் பற்றிய அறிவு. பழகாத கையால் பந்தைத் தட்டிச் செல்வதில் தமக்குள்ள குறையை எதிராளியின் தவறாகக் காட்டுபவர், அக்குறையைத் திருத்தும் வாய்ப்பினையும் இழக்கின்றார்.

ஆயின், நேர்மை என்பது திறன் வளர்க்கும் உபாயம் மட்டுந்தானா? அவ்வாறெனின், திறன் வளர்க்க விரும்பாதவர் பொய்யுரைக்கலாம் என்றாகிவிடும். கூடைக்கு எறிவதைத் தனியே பழகலாம். தடுப்பவரைக் கடந்து செல்வதை எதிராளியின்றிப் பழக இயலாது. அவரோ ஊதியமும் கட்டாயமுமின்றி, நம்பிக்கையொன்றினாலேயே எதிர்நிற்கின்றார். அந்நம்பிக்கைக்குச் செலுத்தவேண்டிய கடனே நேர்மை.

ஆகவே, இறுதிப் புள்ளியின்போது, எவரும் காணாத தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டு பந்தைக் கையளிப்பவர், அன்று களத்தைவிட்டு வெளியேற நேரினும், கடன் தீர்த்தவராவர்.