கிணறு எனது, தண்ணீர் யாருடையது?



சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில் நேரம். வந்தவர் யார், என்ன அலுவல் என்று கேட்பதற்கு முன்னரே செம்பில் தண்ணீர் கொடுப்பது எம்மவர் வழக்கம். அன்று அந்த வீட்டு அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சுவாமி, கொஞ்சம் இருங்கோ. போத்தில் தண்ணி வாங்கப் பெடியனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறன்" என்றார். முற்றத்திலே, பத்தடி தூரத்தில் கிணறு இருந்தது. அவருடைய மாமனார் வெட்டுவித்த கிணறு. ஆனால் அதன் தண்ணீரை விருந்தாளிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வாளியில் அள்ளினால் எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்றார்.

அந்த அம்மா ஒரு தவறும் செய்தவரல்லர். வேறெங்கோ, வேறொருவருடைய வேலிக்குள் நடந்த காரியம் நிலத்தின் கீழாக நடந்து வந்து அவருடைய வாளியில் ஏறியிருக்கிறது. இதைப் பற்றிச் சிந்திக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒருவன் தன் சொந்தக் காணியில் எண்ணெய்த் தாங்கி வைப்பதை ஊர் தடுக்கலாமா? அவன் இன்னும் ஒரு துளியையும் சிந்தாதபோதே தடுக்கலாமா? பிரதேச சபையின் கட்டட விதிகளைப் பற்றிய கேள்விபோல் இது தோன்றலாம். ஆழ்ந்து பார்த்தால் இது நீதியைப் பற்றிய கேள்வி.

வேலிக்கு மேலும் வேலிக்குக் கீழும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரிகாலத்தில் மட்டும் ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழைதான் எம்முடைய ஒரே வரவு. அந்த மழை செம்மண்ணினூடாக இறங்கிக் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. அந்தக் கல் பிளவும் பொந்தும் நிறைந்தது. நீரே அதைக் கரைத்து வழிகள் அமைத்திருக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவரும்.

மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்ல மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகிறது. எம்முடைய கல்லுக்குள் அந்த அவகாசம் குறைவு. ஒரு பிளவில் இறங்கிய அழுக்கு அடுத்த ஒழுங்கைக்குப் போகுமா, அடுத்த ஊருக்குப் போகுமா என்று மேலே நின்று சொல்ல ஒருவராலும் முடியாது.

உங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் எல்லைகளைச் சொன்ன பின்னர், கிணற்றில் இத்தனை பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். எம்முடைய முன்னோர் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஆனால் கிணற்றைப் பிரிக்க முடியாது என்று அறிந்து அதைப் பங்காக வைத்தார்கள். இன்றைக்கு யாருடைய முறை, நாளைக்கு யாருடைய முறை என்று ஒழுங்கு செய்து இறைத்தார்கள். துலாவின் காலம் போய் இயந்திரத்தின் காலம் வந்த பின்னும் அந்த ஒழுங்கு பல தோட்டங்களில் இருந்தது. அந்த அறிவை நாம் இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோக வேண்டும். கிணறு மாத்திரமல்ல, கிணறுகளுக்குக் கீழேயுள்ள நீர் முழுவதும் ஒரே பங்குக் கிணறுதான்.

சுன்னாகம் கற்பித்த பாடம்

இது கற்பனையான அபாயம் அன்று. சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின்னிலையங்கள் நெடுங்காலம் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில், எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள்; உண்ணாவிரதம் இருந்தார்கள்; மல்லாகம் நீதிமன்றத்துக்கும் வழக்குப் போனது. அடிப்படை உரிமை மனுவொன்றை விசாரித்த உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மாசடைதலுக்கு நொதேர்ன் பவர் நிறுவனத்தின் மின்னிலையம் காரணமாகவோ ஆகக்குறைந்தது பங்காளியாகவோ இருந்தது என்று கண்டு, மக்களுக்கு இழப்பீடாக 2 கோடி ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. கெடுத்தவனே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாடு எம்முடைய மண்ணின் ஒரு வழக்கில் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இந்தக் கோட்பாடு புதியதன்று. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஒருவன் குழி வெட்டி அதை மூடாமல் விட, அயலவனுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தால், குழியின் சொந்தக்காரன் ஈடு கொடுக்க வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. "குழி என் நிலத்தில்தானே இருந்தது" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

ஆயினும் நீதிமன்றத் தீர்ப்பை நினைத்து மகிழ்கிறபோதே ஒரு வருத்தமும் வருகிறது. மாட்டுக்கு விலை உண்டு, கொடுத்துத் தீர்க்கலாம். நிலத்தடி நீருக்கு என்ன விலை? கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யலாம். கல்லின் பிளவுகளில் தங்கிய எண்ணெயை எந்தத் துலாவால் இறைப்பது? ஈடு செய்ய முடியாத கேட்டைத் தண்டனை ஆற்றாது. ஆகவே அப்படிப்பட்ட கேடு நேருமுன் தடுப்பது நீதியின் கடமையாகிறது. குழியைப் பற்றிய அந்தச் சட்டத்தின் உள்ளக்கருத்தும் அதுவே: ஈடு கொடுப்பதற்கு முன், குழியை மூடு.

குற்றம் செய்யாதவனைக் கட்டுப்படுத்தலாமா?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. "நான் ஒழுங்காகத் தொழில் செய்பவன். என் தாங்கி ஒழுகவில்லை. பிறர் தவறு செய்தார்கள் என்பதற்காக என் பிழைப்பை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று ஒரு வியாபாரி கேட்டால் என்ன சொல்வது?

புனித அக்குயினாஸ் தோமையார் சொத்துரிமையை ஆராயும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளைத் தேடவும் நிர்வகிக்கவும் ஒருவனுக்குத் தனியுரிமை இருப்பது தகும். அதைப் பயன்படுத்துவதில், அது எல்லோருக்கும் உரியது என்ற எண்ணத்தோடு நடக்க அவன் கடமைப்பட்டவன். இந்தப் பிரிவை எம்முடைய வளவுக்குப் பொருத்திப் பார்ப்போம். காணி என்னுடையது. ஆனால் அதன் கீழே ஓடும் நீர் எனக்கு முன்னே பிறருடைய வளவில் பெய்த மழை. நாளை இன்னொருவருடைய வாளிக்குப் போக இருப்பது. அதை நான் வைத்திருக்கவில்லை, அது என்னைக் கடந்து போகிறது. என் சொத்தல்லாத ஒன்றை ஆபத்துக்கு உள்ளாக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்? தாங்கி இன்று ஒழுகவில்லை என்பது உண்மையாயிருக்கலாம். இரும்பு துருப்பிடிக்கும், மண்ணுக்குள் புதைத்த தாங்கி ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்ப்பது பயன்தரும். ஜேர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி வலயங்கள் வகுக்கிறார்கள். உள் வலயத்தின் எல்லை, நீர் கிணற்றை வந்தடைய 50 நாட்கள் எடுக்கும் தூரம். நோய்க்கிருமிகள் அதற்குள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது கணக்கு. எண்ணெயோ கிருமியைப்போல் 50 நாளில் சாகாது. ஆகவே அதற்கு வெளியேயுள்ள வலயத்திலும் எரிபொருள் தாங்கிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் மயாமி நகரம் எம்மைப்போலவே சுண்ணாம்புக்கல்லின் நீரை நம்பியிருப்பது. அங்கும் நகரக் கிணறுகளைச் சூழ்ந்து பாதுகாப்பு வலயங்கள் உண்டு.

எங்களுக்கு அந்த விதியை அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே சில பொதுக் கிணறுகள்; இங்கே வளவுக்கு வளவு கிணறு. ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி ஒரு வட்டம் கீறினால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குடாநாடு முழுவதையும் மூடிவிடும். ஆகவே நாம் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். எங்கே எண்ணெய் வைக்கக்கூடாது என்று தேடுவதைவிட, எங்கே வைக்கலாம் என்று ஆராய்ந்து சில இடங்களை ஒதுக்குவது நன்று. அந்த இடங்களிலும் இரட்டைச் சுவருள்ள தாங்கி, தாங்கி உடைந்தால் முழு எண்ணெயையும் தாங்கக்கூடிய சீமெந்துத் தொட்டி, ஒழுக்கை அறியும் கருவி, சுற்றியுள்ள கிணறுகளில் ஒழுங்கான பரிசோதனை ஆகியன வேண்டும்.

இதனால் சிறிய வியாபாரிக்குச் செலவு வரும். ஊர் முழுவதும் நன்மை பெறும்போது ஒருவன்மாத்திரம் சுமை சுமப்பது நீதியன்று. அவனுக்கு அவகாசமும், இயன்றால் பொதுப்பணத்திலிருந்து உதவியும் கொடுக்க வேண்டும். ஊருக்காக ஒருவனைக் கட்டுப்படுத்துகிற ஊர், அவனுக்காகத் தன் பையையும் திறக்கக் கடமைப்பட்டது.

நிபுணர்கள் ஒத்துப்போகாதபோது

சுன்னாகத்தில் இன்னொரு சங்கடமும் எழுந்தது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு, முந்திய பரிசோதனைகளோடு ஒத்துப்போகவில்லை. ஒருவர் குடிக்கலாம் என்றார். ஒருவர் வேண்டாம் என்றார். பிள்ளைக்குப் பால் கரைக்க நின்ற தாய் யாரை நம்புவாள்?

ஐயம் உள்ளபோது அதன் சுமையை யார் தாங்குவது என்பது ஒழுக்கவியலில் பழைய கேள்வி. குருமடத்தில் எமக்குப் படிப்பித்த உதாரணம் ஒன்றுண்டு. பற்றைக்குள் அசைவது மானா மனிதனா என்று ஐயப்படும் வேட்டைக்காரன் சுடக்கூடாது. பற்றைக்குள் இருப்பவன் தான் மனிதன் என்று நிரூபிக்கும்வரை காத்திருக்கச் சொல்வது கொடுமை. அதுபோல, தண்ணீர் கெட்டதென்று நிரூபிக்கும் பாரத்தைக் குடிப்பவர்மேல் போடலாகாது. தன் தாங்கி கெடுக்காது என்று காட்டும் பாரம் தாங்கிக்காரனுடையது. பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று சொல்லியிருப்பதும் இந்தப் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது.

எம்முடைய பங்கு

பெரிய நிறுவனங்களைக் குறைசொல்லி இக்கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது. தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு தொடர்பற்றிருந்த காலத்தில் சுன்னாகத்து மின்சாரத்தில்தான் எம்முடைய விளக்குகள் எரிந்தன; எம்முடைய பிள்ளைகள் படித்தார்கள். அந்த வெளிச்சத்தை அனுபவித்தபோது கழிவெண்ணெய் எங்கே போகிறது என்று நாம் கேட்டோமா? 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனை வீடுகளில் கானும் பரலும் நிரம்பின! அவை நின்ற இடம் கிணற்றடிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தவர் எத்தனை பேர்? வாகனம் திருத்துமிடத்தில் மாற்றிய பழைய எண்ணெய் வேலியோரம் ஊற்றப்படுவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லையா? ஆலய வளவுகளில் திருநாளுக்கென்று நிறுத்தும் மின்பிறப்பாக்கியின் கீழே மண் கறுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாதிருந்திருக்கிறேன்.

ஆதலால், அன்பானவர்களே, மூன்று காரியங்களைக் கேட்கிறேன். வீட்டில் எரிபொருள் இருந்தால் கிணற்றிலிருந்து அகற்றி, சீமெந்துத் தளத்தில், தட்டின்மேல் வையுங்கள். பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். ஊற்றுகிறவரோடு பண்பாகப் பேசுங்கள். உங்கள் பிரதேச சபை உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது வீதியையும் விளக்கையும் பற்றிக் கேட்கிறீர்கள். எரிபொருள் தாங்கிகளுக்கு இடம் குறிக்கும் விதி எங்கே என்றும் கேளுங்கள்.

ஆதியாகமத்தில் பெலிஸ்தியர் பகையினால் ஆபிரகாமின் கிணறுகளை மண்போட்டுத் தூர்த்தார்கள். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினான், தண்ணீர் கிடைத்தது. மண்ணால் தூர்த்த கிணற்றை மகன் தோண்டலாம். எண்ணெயால் கெட்ட கிணற்றை எம்முடைய பிள்ளைகள் எதைக்கொண்டு தோண்டுவார்கள்?

அன்று அந்த வீட்டில் கடைத் தண்ணீர் வரும்வரை காத்திருந்து குடித்தேன். குளிராகத்தான் இருந்தது. அந்த அம்மாவோ நான் குடித்து முடியுமட்டும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.