காதில் சொல்ல ஒரு பெயர்

தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில்.

அந்தமானுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்லுலார் ஜெயிலை 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள். இப்போது மிச்சம் மூன்று. இடித்த பகுதியில் எழுந்ததுதான் 1963-ல் திறந்த இந்த ஆஸ்பத்திரி. பிளாஸ்க்கும் தூக்குவாளியுமாக நாங்கள் பிரசவ வார்டுக்குப் போய் வந்த வழியில், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜெயிலைப் பார்க்கப் போகிறவர்கள் எதிரே வந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பிறந்த இடம் அதுதான். யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. வரிசையாக அறைகள் இருந்த மண்ணில் இப்போது வரிசையாகக் கட்டில்கள்.

கோபுரத்துக்குள் பளிங்குப் பலகைகளில், அடைபட்டிருந்த விடுதலைப் போராட்டக்காரர்களின் பெயர்களை மாகாணவாரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1858 மார்ச்சில் முதல் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய இருநூறு பேரும், அவர்களுக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான சாதாரணக் கைதிகளும் அந்தப் பலகைகளில் இல்லை. கழுத்தில் தொங்கிய மரவில்லையில் எண்ணும் குற்றப் பிரிவும் தண்டனை பெற்ற தேதியும் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தால்தானே பெயருக்கு வேலை.

*

குழந்தை பிறந்த மறுநாளே வீட்டில் பெயர்ப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. நட்சத்திரம் மகம். ம, மி, மு, மெ. பக்கத்து வீட்டு அக்கா, “மகத்துல பொறந்தவ ஜெகத்தை ஆளுவா” என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி பெண்டாட்டி கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். எல்லாம் இரண்டு எழுத்து, மூன்று எழுத்துப் பெயர்கள். சொன்னவுடன் மறந்துபோகிற அழகு. தம்பி ஒரே ஒரு பெயர்தான் சொன்னான்: அப்பாயி பெயர்.

அப்பாவைப் பெற்றவள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்து, விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வளர்ந்தவள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த ஐந்தேகால் லட்சத்தில் அப்பாயியும் ஒருத்தி. தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து ரப்பர் தோட்ட வேலைக்கென்று நிக்கோபாரின் கச்சால் தீவுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தாள். ஒரு தீவின் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இன்னொரு தீவில் இன்னொரு தோட்டம். கொழுந்து பறித்த கை ரப்பர் பால் வெட்டப் பழகியது.

அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. தொட்டில் போடும் முன்னால் எழுத்தில் வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். நியாயமோ இல்லையோ, பெரியவர்கள் சொன்னால் சரி. ‘ஆயி’ என்று முடியும் பழைய பெயர். நடுவில் ஒரு ழகரம் உண்டு. நட்சத்திர எழுத்துக்குப் பொருந்தவில்லை.

*

பெட்டியில் அப்பாயியின் காகிதங்கள் மூன்று இருக்கின்றன. பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையில் ஒன்று, கச்சாலில் வாங்கிய ரேஷன் அட்டையில் இந்தியில் இன்னொன்று. ழகரம் ஒன்றில் ‘ல’வாக இருக்கிறது, ஒன்றில் ‘ய’வாக இருக்கிறது, மூன்றாவதில் காணவே இல்லை. அவள் இந்த மூன்றுக்கும் கைநாட்டு வைத்திருக்கிறாள். வலது கைப் பெருவிரல் மட்டும் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறது, நடுவில் ஒரு வெட்டுத் தழும்போடு.

தோட்டத்தில் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டை எழுதிய கணக்கப்பிள்ளைக்கு எது காதில் விழுந்ததோ அதுதான் பெயர். அதற்கும் முன்னால், 1901 முதல், இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றும்போது ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் பொறித்திருக்கும். அப்பாயியின் அப்பன் அப்படித்தான் போனாராம். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. “திருச்சிக்கு இந்தப் பக்கம்” என்பாள் அப்பாயி. எந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் என்று கேட்டால் சிரிப்பாள்.

ஆக, எங்கள் வம்சம் ஒரு பெண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே கடல்.

*

நம் வழக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது விழுந்துவிடும். விழுந்ததைத் தாத்தா பெயரென்று பேரனுக்கு வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஆண்களின் பெயர் இப்படி இரண்டு வாசல் வழியாக வந்து போகும். பெண்களின் பெயர் எந்த முதலெழுத்திலும் இல்லை. அம்மா பெயரின் முதலெழுத்தைப் போடலாம் என்று அரசாணைகள் வந்திருக்கலாம், எங்கள் தெருவில் போட்டவரை நான் பார்க்கவில்லை. கொள்ளுப்பாட்டியின் பெயர் திரும்பி வர வேண்டுமென்றால் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு அந்தப் பெயரை யாராவது கேட்க வேண்டும். தம்பி கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாயி சாகும்போது அவன் கைக்குழந்தை. அவளுடைய முகம்கூட அவனுக்குத் தெரியாது.

*

கச்சாலில் அக்கம்பக்கத்து நிக்கோபாரிகளோடுதான் வளர்ந்தோம். இறந்தவர் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது அந்தத் தீவுகளின் பழைய கட்டுப்பாடு. பக்கத்துக் கமோர்டாவில் அதிகாரியாக இருந்து 1883-ல் கொலையுண்ட ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதி வைத்திருக்கிறார்: கோழி, தொப்பி, நெருப்பு, பாதை என்று பொருள்படும் பெயருள்ளவர் இறந்தால், அந்தச் சொல்லையே ஊர் விட்டுவிடும். வேறு சொல் உண்டாக்கிக்கொள்வார்கள், அல்லது வெளியிலிருந்து கடன் வாங்குவார்கள். இப்படிச் செய்தால் சரித்திரம் எப்படி மிஞ்சும் என்பது அவருடைய கவலை.

எனக்கு அந்தக் கவலை வரவில்லை. ஒருவருக்காக நெருப்பு என்ற சொல்லையே ஓர் ஊர் விட்டுக்கொடுக்கிறது என்றால், அடுப்பு மூட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் நினைவு வந்திருக்கும். நாம் இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைத்து, பகலெல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறோம். கொஞ்ச நாளில் அது குழந்தையின் பெயராகிவிடுகிறது. இரண்டில் எது அதிகம் நினைக்கிறது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கச்சாலில் எத்தனையோ பெயர்களைச் சொல்ல முடியாமல் போயிற்று, அவர்களுக்கும் எங்களுக்கும். நிலநடுக்கத்தில் நிக்கோபார் தீவுகள் தாழ்ந்தன. அப்பாயியைப் புதைத்த கரையோரத்தில் இப்போது ஓதம் ஏறி இறங்குகிறது. நாங்கள் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டோம்.

*

இங்கே வடக்கே, கிரேட் அந்தமானியர்கள் வேறு மாதிரி. ராட்கிளிஃப் பிரவுன் 1922-ல் போட்ட புத்தகத்தில் இருக்கிறது: குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள். ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை, ஒரே பெயர் இருவருக்கும் பொருந்தும். பெயர் வைத்த நாளிலிருந்து, பிறந்து சில வாரம் ஆகும் வரை, பெற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா. பெண் பெரியவளானால் அந்தச் சமயத்தில் எந்த மரம் பூத்திருக்கிறதோ அந்தப் பூவின் பெயரைச் சூட்டுவார்கள்.

அந்த மக்கள் இன்று சில பத்துப் பேர். ‘போ’ என்ற மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார்.

தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவனைக் கூப்பிட்டது, “பாப்பா அப்பா, வெந்நி எடுத்துட்டு வாங்க” என்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்தான். எனக்கு வடக்குத் தீவு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை, சொன்னால் கிண்டல் செய்வாள்.

*

இங்கே தீவுகளுக்கே பெயர் மாறுகிறது. 2018-ல் ராஸ், நீல், ஹேவ்லாக் மூன்றும் மாறின. 2023 ஜனவரியில், பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயரைச் சூட்டினார்கள். அவர்களில் ஒருவர், 1987-ல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆட்டோக்காரர் இன்னும் பிளேர் என்கிறார், நானும்தான்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் கட்டினால் பதினைந்து வருடம் வரைக்கும். ஆனால் 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைக்கு இந்த ஒரே தாள்தான் பள்ளிக்கும் ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆதாரம். எழுத்துக்கூட்டலை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்று தம்பி இரண்டு நாளாக யோசிக்கிறான்.

*

எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அம்மாவுக்குப் பெயர் பிடித்திருக்கிறது, கண் கலங்கினார்கூட. பிறகு சொன்னார்: “மாமியா பேரச் சொல்லிப் புள்ளைய எப்படிடா அதட்டுவேன்? சோத்தச் சிந்துனா அத்தைய வைய்யற மாதிரி ஆவாதா?” இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அத்தை பெயரை வாயால் சொன்னவரில்லை அவர். ரேஷன் கடையில் கேட்டால் என்னைச் சொல்லச் சொல்வார்.

வழி ஒன்று பிறந்திருக்கிறது. காகிதத்தில் அப்பாயி பெயர். கூப்பிடத் தம்பி பெண்டாட்டியின் பட்டியலிலிருந்து, மு-வில் தொடங்கும் ஒன்று. அவளுக்கும் திருப்தி, நட்சத்திரத்துக்கும் திருப்தி. அதட்டுவதற்கு அம்மாவுக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும். சம்பந்தி வீட்டார் சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று நாள் கப்பல். கப்பல் தேதி தெரிந்தால்தான் விசேஷத் தேதி. பெயரைக் காதில் மூன்று முறை சொல்வது எங்கள் பக்கம் அத்தை, அவர்கள் பக்கம் தாய்மாமன். போனில் இரண்டு தரப்பும் மரியாதையாக விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மா போனை வாங்கி, “புள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல” என்றார்.

வலது காது எனக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.