நிரூபிக்க வேண்டியவர் யார்?

சிராங்கூன் சாலைக் கடைக்காரன் நான். அண்டைக் கடையின் தராசைப் பழுதில்லையென்று பார்த்தே இரவல் வாங்கினேன். கெட்ட தராசைத் திருப்பிக் கொடுத்து, "என் கையில்தான் கெட்டதென்று நீரே நிரூபியும்" எனலாமா?

1985இல் நல்ல உடலோடு இந்திய ராணுவம் சேர்த்துக்கொண்ட ஒருவர் 1994இல் வலிப்பு நோயோடு அனுப்பப்பட்டார். ஊனப் பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தந்ததை மேல் அமர்வு நீக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சேரும்போது நோய் குறிக்கப்படவில்லையேல், மாறான காரணத்தை அரசு காட்டாதவரை, அது சேவையால் வந்ததே, நிரூபிக்கும் பாரம் சிப்பாய்மீது இல்லை.

பொதுப்பணமாயிற்றே, பொய்க் கோரிக்கையைத் தடுக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் ஏடும் வைத்தியரும் அரசிடம். நோய் மட்டுமே அவரிடம். ஏடு வைத்திருப்பவரே கணக்குச் சொல்லட்டும். வாங்கிய உடலும் அமானிதமன்றோ!